இலைக்கு வராத வாத்து

அந்தத் தை அமாவாசைக்கு ஆனையடிப்புதூரில் பேருக்கு ஒரு காக்காய்கூட இல்லை. செல்போன் டவர்தான் விரட்டியது என்று ஒருவர் சொல்ல, கோழிப்பண்ணையில் தெளித்த மருந்து என்று இன்னொருவர் சொல்ல, இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு டீக்கடை வெள்ளியங்கிரி, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, அதுகளுக்கே ஊரு சலிச்சுப்போச்சுங்க" என்று பேச்சை முடித்துவைத்தான். காரணம் எதுவோ இருக்கட்டும். அன்றைக்கு உச்சிப்பொழுதில் ஊர் மொத்தமும் தலைக்குக் குளித்து, ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு, மொட்டைமாடி மொட்டைமாடியாக ஏறி நின்று, கையில் சோற்றுருண்டையை ஏந்திக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்தியது. வங்கி மேனேஜர், கடன் கிடையாது என்று சொல்கிற அதே குரலில், மூக்கால், மிகவும் மரியாதையாகக் கத்தினார். ரிட்டயர்டு வாத்தியார் வருகைப்பதிவு எடுக்கிற மாதிரி காக்கா, காக்கா என்று கூப்பிட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் பதிலுக்காக நின்றார். லாரிப் பட்டறைக்காரர் ஏர்ஹாரன் அடித்தார். பாவாயி போட்ட கத்தலில் பக்கத்துத் தெரு நாயொன்று வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடி அடுத்த ஊரில்தான் போய் நின்றது. காக்காய் வரவில்லை. செத்தவர்கள் வாய் வைத்த பிறகுதான் இருக்கிறவர்கள் கை வைக்கலாம் என்பது ஊர் வழக்கம். ஆகவே வடை ஆறியது, பாயசம் ஆடை கட்டியது, பிள்ளைகள் அழுதன, தாங்களும் அழலாமா என்று பெரியவர்கள் யோசித்தார்கள்.

கடைசியில் வாயைத் திறந்தவர் மாரியம்மன் கோயில் பூசாரி. "பறவைன்னுதானுங்க சாஸ்திரம். இறக்கை இருந்தாப் போதுமுங்க. குளத்துல வாத்து எறங்கியிருக்குதல்லங்க, அங்க கொண்டுபோய் வெச்சிரலாம். எனக்கும் பசிக்குதுங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் ஊருக்கு இருந்த சந்தேகமெல்லாம் தீர்ந்துபோயிற்று.

கார்த்திகை பிறந்தால் ஆனையடிக் குளத்தில் வந்து இறங்குகிற காட்டு வாத்துகள் அவை. இமயமலைக்கும் அந்தப்பக்கம் பனி உறைகிற ஏதோ தேசத்திலிருந்து வருகின்றன, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுகின்றன என்பதற்குமேல் ஊருக்கு அவற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. வாக்கிங் போகிறவர்கள் பொரியும் மிக்சரும் வீசுவார்கள், வீசினவர்கள் கண்மறைவாகப் போன பிறகுதான் அவை வந்து பொறுக்கும். மனுச வாடை அவ்வளவு ஆகாது. ஆனால் அன்றைக்குக் கரை நெடுக இலைகளை விரித்து, சோறும் பருப்பும் வடையும் பாயசமும் வைத்து, ஜனங்கள் கைகூப்பி ஒதுங்குவதற்கு முன்பே, நடுக்குளத்தில் மிதந்த கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் முகத்தைத் திருப்பியது. நீந்தி வந்து, கரையேறி, உடம்பை உதறி, கல்யாணப் பந்தியில் தன் இடத்தைத் தேடுகிற ஒறம்பரைச் சனத்தைப் போல இலைகளுக்கு நடுவே அசைந்து அசைந்து நடந்து, ஒன்றையொன்று இடிக்காமல், ஒவ்வொன்றும் ஒரு இலைமுன் போய் நின்று தின்றது. ஊரும் வீட்டுக்குப் போய்த் தின்றது.

மறுநாள் உச்சிப்பொழுதில் வாத்துகள் வீட்டுக்கே வந்துவிட்டன.

குளத்துமேட்டிலிருந்து இறங்கி, ரைஸ்மில் சந்து வழியாகத் தார்ரோட்டில் ஏறி, டவுன் பஸ்ஸுக்கு ஒதுங்கி நின்று, பஸ் போன பிறகு ரோட்டைத் தாண்டி, அததன் தெருவில் அததன் வீட்டுக்கு அவை போயின. ஒன்று வெள்ளியங்கிரியின் டீக்கடைக்குள் நுழைந்து நேரே கரண்ட் மீட்டருக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தது. "எங்கப்பனேதானுங்க," என்றான் வெள்ளியங்கிரி, பாய்லரைவிட்டு நகராமலே. "செத்த அன்னிக்குக் காலைலகூட மீட்டரைப் பாத்துட்டு, எவன்டா ராத்திரி பூரா ஃபேனைப் போட்டதுன்னு கேட்டாருங்க." சர்க்கரை வியாதியில் காலை இழந்து போய்ச்சேர்ந்த மிட்டாய்க்கடை முதலாளி கண்ணாடிப்பெட்டிக்குள் தலையைவிட்டு ஜிலேபியாகத் தின்றார், பெண்டாட்டி தடுக்கப்போய், இனிமேல் என்ன ஆகிவிடப்போகிறது என்று விட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பராக இருந்த பொன்னுச்சாமி, ஊர் பார்க்க, தன் வீட்டு வாசலைத் தாண்டி, அடுத்த தெருவுக்குப் போய், தையல்காரி சரஸ்வதி வீட்டுப் படியேறினார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பொன்னுச்சாமி சம்சாரம் இடுப்பில் கையை ஊன்றிப் பார்த்துவிட்டு, "சரி, அங்க ஒரு வாய் தின்னுட்டு வரட்டும்" என்று இலையை மூடிவைத்தாள். கல்யாணமாகி இன்னும் விசேசம் இல்லையா, இல்லையா என்று ஊர் கேட்டுக்கேட்டு அரித்துக்கொண்டிருந்த தறிக்கார வீட்டு மருமகள் கோகிலாவின் வாசலுக்கு, கூட்டத்திலேயே குட்டியான ஒன்று, உள்ளங்கையில் அடங்குகிற அளவில், தத்தித்தத்தி வந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. உட்கார்ந்து பால்சோற்றைப் பிசைந்து விரல்நுனியில் ஊட்டினாள். அதற்குப் பிறகு அவளிடம் விசேசம் உண்டா என்று ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

பழகுவதற்கு ஊருக்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. பஞ்சாயத்து ஆட்டோ மைக்கைக் கட்டிக்கொண்டு, "பொதுமக்களுக்கு ஓர் அன்பான அறிவிப்பு, நமது முன்னோர்கள் சாலையைக் கடக்கும் உச்சிவேளையில் இருசக்கர வாகன ஓட்டிகள் மெதுவாகச் செல்லுமாறும், வளர்ப்பு நாய்களைக் கட்டிவைக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள், கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்று தெருத்தெருவாகப் போயிற்று. பள்ளிக்கூடத்தில், "சார், எங்க தாத்தா ஹோம்வொர்க் நோட்டு மேல உக்காந்து எந்திரிக்கவே மாட்டேன்னுட்டாருங்க சார்" என்று பிள்ளைகள் சொன்னபோது, வாத்தியார்கள் அடிக்கவும் முடியாமல் நம்பாமலிருக்கவும் முடியாமல் தவித்தார்கள். நல்லசிவத்தின் வீட்டுக்கு அவருடைய அப்பா வந்தார். நல்லசிவத்தின் பெண்டாட்டிதான் முன்னே சொன்ன பாவாயி. "உசுரோட இருந்தப்பவும் மாமனாருக்கு நாந்தான் ஆக்கிப் போட்டேன், செத்த பொறவும் எங்கூட்டுக்குத்தான் வருவாரா? சின்ன மகன் ஊடுன்னு ஒண்ணு இருக்குதுங்கறது இவருக்குத் தெரியாதா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டே, இரண்டாம் தடவை ரசம் ஊற்றினாள்.

அந்தச் சின்ன மகன் வீடு, நாலு வாசல் தள்ளி, இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிற கடையோடு சேர்ந்த வீடு. அங்கேதான் சம்பூரணம் இருந்தாள். உச்சிப்பொழுதானால் கிரைண்டரை நிறுத்திவிட்டு, ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, அதன் கீழே தெரிகிற தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள். செருப்புக் கால்கள், சைக்கிள் சக்கரங்கள், அப்புறம் ஆரஞ்சு நிறத்தில், ஈரமாய், பட்டைபட்டையாய் வாத்துக் கால்கள். ஒவ்வொரு ஜோடியும் கடைமுன்னால் வரும்போது, நிற்குமா போகுமா என்று குனிந்து பார்ப்பாள். தாண்டிப் போனதும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

அவள் புருசன் அர்த்தநாரி போர் போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். தீபாவளி முடிந்து வடக்கே போனால் மழைக்குத்தான் வீடு. இரண்டு மழைக்கு முன்னால் போனவர், வாயில் நுழையாத ஒரு ஊரின் பேரைச் சொல்லி, ஆற்றோரம் வண்டியை நிறுத்தியிருக்கிறோம், குளித்துவிட்டு வந்து கூப்பிடுகிறேன் என்று போனை வைத்தார். அவ்வளவுதான். கரையில் துணியும் இல்லை, தண்ணீரில் உடம்பும் இல்லை. நல்லசிவம் தம்பியின் போட்டோவை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போய், இந்தி தெரியாமல், அங்கிருக்கிற ஒவ்வொரு டீக்கடையிலும் போட்டோவையும் தன் முகத்தையும் மாறிமாறிக் காட்டி, எங்களுக்கு ஒரே ஜாடை, பாருங்கள் என்று கையால் பேசித் திரும்பிவந்தார். திரும்பிவந்த நாளிலிருந்து சம்பூரணத்தை நேருக்கு நேர் பார்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். அவளும் அந்த முகத்தை அதிகம் பார்க்க ஆசைப்படவில்லை.

தை அமாவாசையன்று எல்லாரும் குளக்கரைக்கு இலை எடுத்துப் போனபோது சம்பூரணம் போகவில்லை. அவள் பிறந்தவீட்டுச் செத்தவர்களுக்கு அண்ணன்மார் படைக்கிறார்கள், மாமனாருக்கு நல்லசிவம் படைக்கிறார், மிச்சம் யார் இருக்கிறார்கள் படைப்பதற்கு? ஊரும் அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் கேட்க ஆரம்பித்தது மாசி பிறந்த பிறகுதான். மாவு வாங்க வருகிற பெண்கள் தூக்குப்போசியை நீட்டியபடியே, "உங்கூட்டுக்கு இன்னும் வரலியா?" என்றார்கள், கேஸ் சிலிண்டரைக் கேட்பது மாதிரி. வரவில்லை என்று சொன்னால் முகத்தில் சந்தோசத்தைக் காட்டி, "அப்ப ஆளு இருக்காரு புள்ள, நல்லாருக்காரு" என்றார்கள். படியிறங்கின பிறகு அந்தச் சந்தோசம் வேறு குரலில் பேசியது. இருக்கிறவன் ஏன் ஒரு போன் பண்ணவில்லை? இருக்கிறவன் ஏன் பெற்ற பிள்ளையைப் பார்க்க வரவில்லை? அந்த ஊர்ப்பக்கமெல்லாம் பொண்ணுங்க சேப்பாமே. பாவாயி மட்டும் அதை முகத்துக்கு நேராகவே சொன்னாள், திட்டுவதாக நினைத்துக்கொண்டு, உண்மையில் அழுதுகொண்டு: "எந்தச் சிறுக்கி ஊட்டுல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருக்கானோ, வரட்டும், கரண்டியக் காய்ச்சி இழுக்கறேன்."

சம்பூரணம் படி அரிசியை அளந்து கிரைண்டரில் கொட்டினாள். வாத்து வந்தால் அவர் இல்லை. வாத்து வராவிட்டால் அவர் இருக்கிறார், இவளிடம் இல்லை. இரண்டில் எது வேண்டும் என்று சாமி வந்து கேட்டால்கூட அவளுக்குப் பதில் சொல்லத் தெரியாது.

மகள் வர்ணிகாவுக்குத் தெரிந்திருந்தது. பத்தாவது படிக்கிற பெண், அப்பாவின் உயரம், அப்பாவின் பிடிவாதம். "எல்லார் ஊட்லயும் ஆராவது ஒருத்தர் வந்திருக்காங்க, நமக்குத்தான் ஆருமே இல்ல" என்று ஒருநாள் தட்டைத் தள்ளினாள்.

"நமக்கு வரக் கூடாது சாமி. வரலைன்னாத்தான் நல்லது."

"எது நல்லது? எங்க கிளாஸ் ஜனனி அவங்கப்பாகூடப் பேசறா. அவரு காலடில நிக்கறாரு. அவ ரேங்க் கார்டைக் காட்டறா, தலைய ஆட்டறாரு. எங்கப்பா உசுரோட இருக்காருன்னு சொல்லிச்சொல்லியே எனக்கு ஒண்ணுமில்லாமப் பண்ணீட்ட."

சம்பூரணம் கை ஓங்கினாள். ஓங்கின கையால் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

குளத்தில் ஒரு வாத்து கரையேறாமலே இருக்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் காலேஜில் விலங்கியல் எடுக்கிற ஆதிரை மேடம். தினமும் காலையில் பைனாகுலரோடு குளக்கரையில் நிற்பார். இந்த வாத்துகள் எப்படி, ஏன் என்று ஊரார் கேட்டால், "எங்க பாடத்துல இது இல்லைங்க" என்று சிரிப்பார், பொரி மிக்சர் போடாதீர்கள், ஊறவைத்த நெல் போடுங்கள் என்பார். மாவு வாங்க வந்த இடத்தில்தான் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஒரு ஊசிவால் வாத்துங்க. ஆண். உச்சிப்பொழுதுல கூட்டம் பூரா ஊருக்குள்ள போயிருது, இது மட்டும் நடுக்குளத்துல ஊரைப் பாத்துட்டே நிக்குது. பொரி போட்டாலும் தின்னறதில்ல, நெல்லுப் போட்டாலும் தின்னறதில்ல. நெஞ்செலும்பு துருத்திட்டுத் தெரியுது. இன்னும் கொஞ்ச நாள்ல கெளம்பற காலம் வந்துரும். இந்த ஒடம்பை வெச்சுட்டு அது மலையெல்லாம் தாண்டாதுங்க."

சம்பூரணம் சில்லறையை எடுக்க மறந்து நின்றாள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டுக் குளத்துக்குப் போனாள், கிரைண்டருக்குப் போட்டு ஊறியிருந்த அரிசியில் ஒரு போசி அள்ளிக்கொண்டு. எதிரே வரிசையாக வந்த வாத்துகளுக்கு ஒதுங்கி வழிவிட்டாள். மாமனாரைக் கண்டதும் பழக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகினாள். குளம் காலியாகக் கிடந்தது. நடுவில் அது நின்றது. காப்பிக் கொட்டை நிறத் தலை, நீளமான வெள்ளைக் கழுத்து, பின்னால் ஒற்றை ஊசியாக நீண்ட வால். காற்று மேற்கிலிருந்து தண்ணீரைச் சுருக்கிச்சுருக்கி விட, அது அசையாமல் நின்றது, மணிக்கணக்காக நின்றபடியே வேலை செய்து பழகினவர்கள் நிற்கிற மாதிரி.

"பா... பா..." என்று கூப்பிட்டாள், கோழியைக் கூப்பிடுவது போல. அது தலையைத் திருப்பி இடது பக்கத்தைக் காட்டியது.

கம்பிரசர் சத்தத்தில் அர்த்தநாரிக்கு வலது காது போய்ப் பல வருசம். யார் கூப்பிட்டாலும் இடது பக்கத்தைத்தான் காட்டுவார்.

சம்பூரணம் போசியைக் கீழே வைத்தாள். பிறகு மேடத்திடம் விசாரித்தபோது, "வாத்துக்குக் கண்ணு பக்கவாட்டுல இருக்குதுங்கக்கா, எல்லா வாத்தும் அப்படித்தான் பாக்கும்" என்றார், அந்தப் பதிலை அவள் பத்திரமாக வாங்கிவைத்துக்கொண்டாள். எல்லா வாத்தும் அப்படித்தான் பார்க்கும். அன்றைக்கு அந்த அரிசியைத் தண்ணீரில் வீசினாள். அது வெள்ளையாய் மூழ்கி அடிச்சேற்றுக்குப் போயிற்று. வாத்து குனிந்து, அரிசி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு தினமும் போனாள். கம்பு போட்டாள், கீரை போட்டாள், தேங்காய்ப்பூ போட்டாள், அவருக்குப் பிடித்த கச்சாயம் சுட்டுக்கொண்டுபோய்ப் பிய்த்துப் போட்டாள், நீ யாரோ ஒரு வாத்து, பசிக்கிற வாத்து, தின்னுட்டுப் போ என்று கெஞ்சினாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. முதலில் கரைமேட்டில் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள், அப்புறம் நாலைந்து பேர், அப்புறம் வெள்ளியங்கிரி டீ கேனையே மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். ஒருவரும் கேலி பேசவில்லை. அந்த வாத்து ஏன் தின்னவில்லை என்பது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது. தன் வீட்டு இலை விழாமல் அது வாய் வைக்காது. மற்றவர்களுக்கு இலை விழுந்தது. இதற்கு விழவில்லை.

அதைச் சொல்ல நல்லசிவம் வந்தார். தெருவில் நின்றபடி, கிரைண்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாசி அமாவாசை வருது அம்முணி. ஒரு எலை போட்டுப் பாத்தரலாம்."

"வந்தா?"

"வந்தா வந்ததுதான்."

"வரலைன்னா?"

"வரலைன்னா ஆளு இருக்கான். நான் மறுக்கா வடக்க போறேன். இந்தத் தடவ கண்டுபுடிக்காம திரும்பமாட்டேன்." அவர் குரலில் ஆசை இருந்தது. வரக்கூடாது, வரக்கூடாது என்று அந்தக் குரல் தன்னை மறந்து வேண்டிக்கொண்டிருந்தது.

"அவரு எங்கியோ இருந்து, நான் பாட்டுக்கு எலையப் போட்டு, அந்தப் பாவத்துல அங்க அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா மாமா? நானே என் கையால அவரைக் கொல்லோணுமா?"

நல்லசிவம் அப்போதுதான் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்த ஜாடை அவளை அறைந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அன்று முழுக்கப் பாவாயி யாரையும் திட்டவில்லை, தெரு சங்கடப்பட்டது.

வாத்துகளுக்குக் கிளம்புகிற பரபரப்பு வந்துவிட்டது. சாயங்காலங்களில் கூட்டமாக எழும்பிக் குளத்தைச் சுற்றிச்சுற்றிப் பறந்து மறுபடி இறங்கின. ஊரார் தங்கள் தங்கள் ஆட்களுக்கு நெய்யும் பருப்புமாய்ப் போட்டுக் கொழுக்கவைத்தார்கள், தூரப் பயணமாச்சே என்றார்கள், அடுத்த வருசம் அத்தையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள், டைம்கீப்பர் சம்சாரம்கூடத் தையல்காரியோடு பேசி முறை வைத்துக்கொண்டாள். நடுக்குளத்தில் ஊசிவால் வாத்து ஒருமுறை மற்றவற்றோடு எழும்பப் பார்த்தது. இறக்கை இரண்டு தரம் அடித்தது. கால் தண்ணீரைவிட்டு வரவில்லை. மேட்டில் நின்ற ஜனங்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் வேறு எங்கோ பார்த்தார்கள்.

வர்ணிகா பார்த்தாள். அன்றைக்கு அவள் தட்டைத் தள்ளவில்லை, சத்தம் போடவில்லை. பாய் விரித்துப் படுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கேட்டாள்: "பசியோடயே அனுப்பிருவியாம்மா?"

மாசி அமாவாசையன்று சம்பூரணம் கடை திறக்கவில்லை. தலைக்குக் குளித்து, நெற்றி நிறையப் பொட்டு வைத்து, சம்பங்கி வைத்து, அரிசியும் பருப்பும் சோறு ஆக்கினாள், சின்ன வெங்காயம் நிறையப் போட்டு, நெய் ஊற்றி. அது அமாவாசைச் சமையல் இல்லை. ரிக் வண்டியிலிருந்து இறங்கி, ஒரு வருசத்து மண்ணைக் கழுவிவிட்டு வந்து உட்காருகிற ஆளுக்கு ஆக்குகிற சோறு. கூடத்தில் இலையைப் போட்டாள். இருக்கிறவர்களுக்கு இலைநுனி இடது கைப்பக்கம் இருக்க வேண்டும், போய்ச்சேர்ந்தவர்களுக்கு வலது கைப்பக்கம், அவர்களுக்கு இடமும் வலமும் மாறிப்போய்விடும் என்பது ஆனையடிப்புதூரில் இடுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். சம்பூரணம் நுனியை இடது பக்கம் வைத்தாள். நகர்ந்து நின்று பார்த்தாள், சரியாக இடது பக்கம்தான். ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தாள். பிறகு மகளைக் கூப்பிட்டாள்.

"கொளத்துக்குப் போய், அம்மா சாப்பிட வரச் சொன்னாங்கன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்லாத."

வர்ணிகா போனாள். கரைமேட்டில் நின்ற கூட்டம் பிளந்து வழிவிட, தண்ணீர் விளிம்புக்குப் போய் நின்று, சின்ன வயதில் தெருமுனை ஆலமரத்தடியில் உட்கார்ந்திருக்கிற அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்வாளே, அதே மாதிரி, "அப்பா, அம்மா சாப்பிட வரச் சொன்னாங்க" என்றாள். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். திரும்பிப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது. மேட்டைத் தாண்டி, ரைஸ்மில் சந்தைத் தாண்டித் தார்ரோட்டுக்கு வந்தபோதுதான், பின்னால் ஈரக்கால் வைக்கிற சத்தம், பட்டுப்பட்டென்று, நடுநடுவே நின்று மூச்சுவாங்கி மறுபடி தொடர்கிற சத்தம் கேட்டது. ரோட்டில் டவுன் பஸ் தானாகவே நின்றது. டிரைவர் இன்ஜினை அணைத்தார். தெருவுக்குள் நுழைந்தபோது, வாசல்களில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாத்துகள் எல்லாம் இலையிலிருந்து தலையை எடுத்தன. பாவாயி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். நல்லசிவம் தன் வாசலிலிருந்து ஒரு அடி எடுத்துவைத்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

படியேற அது சிரமப்பட்டது. சம்பூரணம் கை கொடுக்கவில்லை. உள்ளே வந்து, கூடத்தைச் சுற்றிப் பார்த்து, இலைமுன் வந்து நின்றது. நிழலில் பார்க்க இன்னும் இளைத்திருந்தது.

"சாப்பிடுங்க" என்றாள்.

வாத்து இலையைப் பார்த்தது. இடது பக்கத்து நுனியைப் பார்த்தது. அப்புறம் அவளைப் பார்த்தது.

"சோறுதான். நல்லா வெந்திருக்குது, கொழையல. வெங்காயம் நெம்பப் போட்டிருக்கேன். நெய் பத்தலையா?" இன்னொரு கரண்டி நெய் ஊற்றினாள். "சூடா இருக்குதா? ஆத்தட்டுமா?" முந்தானையால் விசிறினாள். "அங்க ரொட்டி தின்னு தின்னு நாக்கு செத்துப் போயிருக்குமுங்க. ஒரு வாய் வெச்சுப் பாருங்க. எனக்காக வேண்டாம், புள்ள கூட்டீட்டு வந்திருக்கறா, அவளுக்காக." வாத்து கண்ணை மூடித் திறந்தது. காலை மாற்றி நின்றது. தின்னவில்லை. "ஏனுங்க, அப்படி என்ன வீம்பு? ரெண்டு வருசம் பொட்டு வெச்சுட்டுக் காத்திருந்தவ கூப்பிட்டா ஒரு வாய் தின்னமாட்டீங்களா? ஊரு என்னென்ன பேசுச்சு தெரியுங்களா? எவளோ ஒருத்தியோட இருக்கீங்கன்னுச்சு. இருந்திருக்கலாமல்லங்க. எவளோடயாவது இருந்திருக்கலாமல்லங்க. நான் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேனே."

நிற்க முடியாமல் வாத்து இலைக்கு எதிரே உட்கார்ந்துவிட்டது. கழுத்து மெல்லச் சரிந்தது.

"அம்மா," என்றாள் வர்ணிகா, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு. "அப்பாவுக்குப் பசிக்குதும்மா."

சம்பூரணம் விசிறின முந்தானையை இடுப்பில் செருகினாள். பிறகு குனிந்து, சோறு சிந்தாமல், இரண்டு உள்ளங்கையாலும் இலையை அடியோடு பற்றி, மெதுவாக, தூங்குகிற பிள்ளையைப் புரட்டிப் படுக்கவைப்பது போல, நுனி வலது பக்கம் வரும்படி திருப்பிவைத்தாள்.

வாத்து எழுந்து தின்ன ஆரம்பித்தது. அவசரமாகத் தின்றது, யாரோ வெளியே ஹாரன் அடித்துக் கூப்பிடுகிற மாதிரி, தலையைத் தூக்காமல், விக்கி விக்கித் தின்றது. சம்பூரணம் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். வர்ணிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, ஈரமாயிருந்த அந்த முதுகின் மேல் ஒரு விரலை வைத்தாள். அது விலகவில்லை.

தெருவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. பாவாயி முன்னால் வர, பின்னால் கோகிலாவும் டைம்கீப்பர் சம்சாரமும் தையல்காரியும் மற்ற பெண்களும், தலைமுடியை அவிழ்த்துவிட்டபடி, ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி, இனி இந்த வீட்டில் செய்யவேண்டியதையெல்லாம் செய்வதற்கு வாசலில் வந்து நின்றார்கள். பாவாயி மார்பில் அடித்துக்கொள்ளக் கையை ஓங்கி வாயைத் திறந்தாள். சம்பூரணம் திரும்பிப் பார்க்காமல், நெய்க்கரண்டி பிடித்த கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினாள்.

"சித்த இருங்கக்கா," என்றாள். "அவரு சாப்பிட்டு முடிச்சிரட்டும்."